'ஆரக்கிள்' என்னும் சொல்

சொற்களின் வரலாறு மக்களின் வரலாறே யாகும். ஒரு சொல் பிறந்த இடத்தையும், அது வழிவழியே பெற்ற பொருள்களையும் ஆராய்ந்து செல்வோமாயின், அச்சொல்லை வழங்கிய மக்கள் எதனை நம்பினர், எதனை அஞ்சினர், எதனை ஐயுற்றனர் என்பனவெல்லாம் தாமே விளங்கும். ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் பலகாலும் எதிர்ப்படும் சொற்களுள் 'ஆரக்கிள்' என்பதும் ஒன்று. சரித்திர நூலில் அஃது ஒரு கோயில். நாடக நூலில் ஒருகால் தெய்வவாக்கு, மற்றொருகால் நகைத்தற்குரிய ஒரு மனிதன். விவிலியத்தின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் ஆலயத்தின் உள்ளறை. கணித நூலிலோ ஒரு கற்பனைத் துணை. அகராதியைத் திறந்து முதற்கண் உள்ள பொருளை மட்டும் எழுதிக்கொண்டு செல்லும் மாணவன் இவற்றுள் இரண்டோர் இடத்திலேனும் இடர்ப்படுவது திண்ணம். ஒரு சொல் இத்துணைப் பொருள்களையும் எங்ஙனம் தாங்கிற்று? அவற்றினூடே ஓடும் இழை யாது? இவற்றையே ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

இச்சொல் இலத்தீன் மொழியினின்று வந்தது. 'ஓராரே' என்னும் இலத்தீன் வினைக்குப் பேசுதல், வழக்குரைத்தல், வேண்டிக்கொள்ளுதல் என்பன பொருளாம். கருவியையேனும் இடத்தையேனும் குறிக்கும் 'குலும்' என்னும் விகுதி அதனொடு சேர 'ஓராக்குலும்' என்றாயிற்று. ஆகவே 'பேச்சு நிகழும் இடம்' என்பதே இதன் அடிப்பொருள். தெய்வங்களின் பேச்சு அமைந்திருத்தலின் அப்பெயர் பெற்றதென்று சிசரோ காரணமுங் கூறியுள்ளார். பழைய பிரெஞ்சு மொழியின் வழியாகப் பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சொல் ஆங்கிலத்திற் புகுந்தது. சொற்பொழிவாளரைக் குறிக்கும் 'ஆரேட்டர்', வணங்குதலைக் குறிக்கும் 'அடோர்', எத்துணை வேண்டினும் இளகாமையைக் குறிக்கும் 'இன்எக்ஸொரபிள்' என்பன வெல்லாம் இதன் உடன்பிறந்த சொற்களே. வாயைக் குறிக்கும் 'ஓஸ்' என்னும் இலத்தீன் சொல்லே இவற்றிற்கு மூலம் என்று வார்ரோ முதலிய பண்டையறிஞர் கொண்டனர். இக்காலச் சொல்லாராய்ச்சியாளர் பலர் அதனை உடன்படுவதில்லை. அஃது எவ்வாறாயினும் ஒன்று மட்டும் கருதத்தக்கது. மனிதன் தெய்வத்தை நோக்கி இறைஞ்சும் சொல்லும், தெய்வம் மனிதனுக்கு இறுக்கும் விடையும் இம்மொழியில் ஒரே வினையடியினின்று பிறந்தன. கேள்வி இன்றேல் ஆரக்கிளும் இல்லை யென்பது இதனாற் போதரும்.

இவ்வழக்கத்திற்குத் தாயகமாகிய கிரேக்கமோ இதற்கு ஒரு சொல்லோடு அமையவில்லை. வாக்குப் பெறும் இடத்திற்கு 'மாந்தெயோன்' என்றும், 'கிரேஸ்தேரியோன்' என்றும் பெயர். அங்குக் கிடைக்கும் வாக்கு 'கிரேஸ்மோஸ்' எனப்பட்டது. குறியறிந்து கூறுவோன் 'மாந்திஸ்'. தெய்வத்தின் சார்பாக நின்று அதன் கருத்தை வெளியிடுவோன் 'புரோபேதிஸ்'. இப் பிற்சொல்லே ஆங்கிலத்தில் 'பிராபெட்' ஆயிற்று. எதிர்காலத்தை முன்னறிந்து சொல்வோன் என்பது அதற்குப் பின்னர் மிகுந்த பொருள். பிறரொருவர்க்காகப் பேசுவோன் என்பதே பழம்பொருள். 'மாந்திஸ்' என்பது வெறியைக் குறிக்கும் 'மானியா' என்பதனொடு தொடர்புடையதென்று பிளேட்டோ தம் நூலொன்றிற் கூறுவர். இங்ஙனம் கிரேக்கர் இடம், வாய், வாக்கு என மூன்றாகப் பகுத்து வழங்கியவற்றை யெல்லாம் இலத்தீனும் ஆங்கிலமும் ஒரு சொல்லினுள் அடக்கிவிட்டன. மாணவர்க்கு நேரும் மயக்கத்திற்கு முதற்காரணம் இதுவே.

கிரேக்க நாட்டில் இத்தகைய இடங்கள் பல இருந்தன. அவற்றுள் தலைமை பெற்றது டெல்பி. அது கொரிந்து வளைகுடாவிற்கு வடக்கே பர்னாசஸ் மலையின் தென்சரிவில் உள்ளது. உலகின் நடுவிடம் அதுவே எனக் கருதிக் கொப்பூழ் என்று பெயரிட்ட கல்லொன்றை ஆங்கு வைத்துப் போற்றினர். அக்கோயிலின் தெய்வம் அப்போலோ. அத்தெய்வத்தின் வாயாக நின்றவள் 'பிதியா' எனப்பட்ட பெண். ஆதியில் ஆண்டிற்கு ஒருநாளே வாக்குரைக்கப்பட்டதென்றும், பின்னர்த் திங்கட்கு ஒருமுறையாயிற்றென்றும், மாரிக்காலத்து மூன்று திங்களில் அதுவும் இல்லையென்றும் அறிகின்றோம். கேட்க வந்தோர் காணிக்கை செலுத்தி ஆட்டைப் பலியிடுதல் வேண்டும். பலிக்கு முன் ஆட்டின்மேல் நீர் தெளிப்பர். அது மெய்முழுதும் நடுங்கினாலன்றி அன்று வாக்கு இல்லை. பெரியோர் பலரின் வரலாறுகளை எழுதிய புளூட்டார்க்கு, கி. பி. முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அக்கோயிற் குருக்களுள் ஒருவராக இருந்தவர். தம் காலத்து நிகழ்ச்சி யொன்றை அவர் எழுதிவைத்துள்ளார். வெளிநாட்டுத் தூதர் சிலர் வந்திருந்தனர். ஆடோ நடுங்கவில்லை. குருக்கள் விட்டபாடில்லை, நீரை மேன்மேலும் ஊற்றி ஒருவாறு நடுங்கச் செய்து, மனமின்றி நின்ற பிதியாவை உள்ளே புகுத்தினர். அவள் குரல் கரகரத்தது. வேறொன்றும் கூறாளாய், அலறிக்கொண்டு வாயிலை நோக்கி ஓடிக் கீழே வீழ்ந்தாள். சில நாட்களுக்குப் பின் இறந்தாள். தெய்வத்தின் வாய் என ஊரார் கொண்டாடிய அவளும் நோவும் அச்சமும் உடைய ஒரு பெண்ணே என்பதனை இவ்வரலாறு நமக்கு நினைவூட்டுகின்றது.

கருவறையில் நிலத்தினின்று ஒருவகை ஆவி எழுந்ததென்றும், அதனால் பிதியா தன்னிலை மாறினாளென்றும் பழைய நூல்கள் கூறும். 1892-ஆம் ஆண்டு தொடங்கி அவ்விடத்தை அகழ்ந்த பிரெஞ்சு அறிஞர் அங்கே பிளவொன்றும் காணாமையால் அது வெறுங்கதையென்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2001-ஆம் ஆண்டில் நிலவியலார் சிலர், கோயிலின் அடியில் நிலப்பிளவுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன வென்றும், எதிலீன் முதலிய வாயுக்கள் அவ்வழி எழுந்திருத்தல் கூடுமென்றும் எழுதினர். இதனை மறுப்போரும் உளர். ஆராய்ச்சி இன்னும் முடிந்தபாடில்லை.

இனி, இவ்வாக்குகளைப் பற்றி யாவரும் அறிந்த கதை லிதிய நாட்டு மன்னன் குரோசசைப் பற்றியது. ஹெரடோட்டஸ் அதனை விரிவாகக் கூறுகின்றார். செல்வத்திற் சிறந்த அவ்வரசன் முதலில் ஆரக்கிள்களையே சோதித்துப் பார்த்தான். பல இடங்களுக்கும் தூதரை அனுப்பி, அவர்கள் புறப்பட்ட நூறாம் நாள் தான் யாது செய்துகொண்டிருக்கின்றான் என்று கேட்பித்தான். அந்நாளில் அவன் ஆமையையும் ஆட்டுக்குட்டியையும் வெண்கலப் பாத்திரத்திலிட்டு வேகவைத்துக் கொண்டிருந்தான். டெல்பி அதனைச் சரியாகக் கூறிற்றாம். வியப்புற்ற மன்னன் பொன்னும் வெள்ளியும் வரையாது வழங்கிப் பின்னர்த் தன் உண்மைக் கேள்வியைக் கேட்டான்: பாரசீகர்மேற் படையெடுக்கலாமா? எடுத்தால் ஒரு பேரரசை அழிப்பான் என்று விடை வந்தது. அவன் மகிழ்ந்து ஹாலிஸ் ஆற்றைக் கடந்தான். கி. மு. 546-ஐ ஒட்டி அவன் தலைநகராகிய சார்டிஸ் வீழ்ந்தது. அழிந்த பேரரசு அவனுடையதே. தன்னை ஏமாற்றியது தெய்வத்திற்குத் தகுமோ வென்று பின்னர் அவன் கேட்பித்தபோது, எவருடைய பேரரசு என்று மீண்டும் கேளாதது உன் பிழையே என்று மறுமொழி வந்ததாம்.

மற்றொரு கதை பிர்ரஸ் என்னும் மன்னனைப் பற்றியது. அவன் உரோமரை வெல்வான் என்றும், உரோமர் அவனை வெல்வர் என்றும் இருவகையாற் கொள்ளுமாறு அவனுக்கு ஒரு வாக்குக் கிடைத்தது என்பர். இலத்தீனில் எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே வேற்றுமையில் நிற்கும் அத்தகைய தொடர் அமைதல் கூடும். நம் மாணவர்க்கு இதனை விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. 'புலிகொல் யானை' என்று உரையாசிரியர் காட்டும் உதாரணம் போதும். புலியைக் கொன்ற யானையா, புலியாற் கொல்லப்பட்ட யானையா? தொடர் மட்டும் அதனைச் சொல்லாது. தடுமாறு தொழிற்பெயர் என்று இலக்கணம் இதற்குப் பெயரிட்டுள்ளது. பிர்ரஸ் பெற்றதாகக் கூறும் வாக்கைச் சிசரோ நம்பவில்லை. அப்போலோ இலத்தீன் பேசியதை எவர் கேட்டார் என்று அவர் நகையாடுகின்றார்.

சிசரோவின் ஐயம் வீணன்று. டெல்பி வாக்குகள் அனைத்தையும் திரட்டி ஆராய்ந்த பான்டன்ரோஸ் என்னும் அறிஞர், இருபொருள்படும் வாக்குகள் பெரும்பாலும் பிற்காலக் கதைகளிலே காணப்படுவன என்றும், உண்மையில் நிகழ்ந்தனவென்று கொள்ளத்தக்கவை பெரும்பாலும் தெளிவாகவும் எளிமையாகவும் இருந்தன என்றும் 1978-இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக் காட்டினார். எபைரஸ் நாட்டில் சீயஸ் தெய்வத்தின் கருவாலி மரம் நின்ற தொடோனாவில் கிடைத்துள்ள ஈயத் தகடுகளும் இதனை வலியுறுத்தும். கேட்க வந்தோர் தம் கேள்விகளைப் பொறித்த அத்தகைய தகடுகள் ஆயிரக்கணக்கில் அகப்பட்டுள்ளன. அவற்றில் அரசரின் போர்கள் அருகியே உள. ஒருவன், தனக்கு நன்மக்கட்பேறு வாய்க்க எத்தெய்வத்தை வழிபடல் வேண்டும் என்கின்றான். ஆகிஸ் என்பான், தன் கம்பளங்களும் தலையணைகளும் காணாமற் போயினவே, அவற்றை எவரேனும் களவாடினரோ என்கின்றான். இதனைச் செய்தல் நன்றோ, அதனைச் செய்தல் நன்றோ என்பவையே பல. காவியத்திற் காணும் ஆரக்கிள் வேறு, கம்பளம் இழந்தவன் நாடிச்சென்ற ஆரக்கிள் வேறு. பின்னதே மக்கள் வாழ்க்கைக்கு அணியது.

தமிழில் இச்சொல்லை எங்ஙனம் பெயர்ப்பது என்னும் கேள்வி இங்கே எழும். ஒரு சொல்லால் எங்கும் பெயர்த்தல் இயலாது என்பதே எம் கருத்து. வாக்கைக் குறிக்குமிடத்துத் 'தெய்வவாக்கு' அல்லது 'அருள்வாக்கு' பொருந்தும். இடத்தைக் குறிக்குமிடத்து 'வாக்குரைக்கும் கோயில்' என விரித்தல் வேண்டும். ஆளைக் குறிக்குமிடத்து 'குறி சொல்வோர்' என்பதே இயல்பு. உருவின்றி எழும் ஒலிக்கு 'அசரீரி' உண்டு. இவற்றினும் பழைய 'விரிச்சி' என்பது நினைக்கத்தக்கது. ஒன்றை மனத்திற்கொண்டு நின்று, அயலார் தம் காரியமாகப் பேசும் சொல்லைத் தற்செயலாகக் கேட்டு, அதனையே விடையாகக் கொள்வது விரிச்சி. நெல்லும் முல்லையுந் தூவி நின்ற முதுபெண்டிர், தாய்ப்பசு வந்துவிடும் என்று கன்றைத் தேற்றும் ஆயர்மகளின் சொல்லைக் கேட்டு, போர்மேற் சென்ற தலைவனும் மீள்வான் எனத் துணிந்த செய்தி முல்லைப்பாட்டில் வருகின்றது. வியப்பு யாதெனின், கிரேக்க நாட்டிலும் இதனை ஒத்த வழக்கம் இருந்தது. அக்கேயா நாட்டுப் பாரை என்னும் ஊரின் சந்தைவெளியில் ஹெர்மிஸ் தெய்வத்தின் உருவம் ஒன்று நின்றது. கேட்க வந்தவன் மாலையில் தூபமிட்டு, விளக்குகளில் எண்ணெய் பெய்து ஏற்றி, ஒரு காசு வைத்து, உருவத்தின் காதில் தன் கேள்வியை மெல்லக் கூறுவான். பின் தன் செவிகளைப் பொத்திக்கொண்டு சந்தையைக் கடந்து சென்று, வெளியே கையை எடுத்தவுடன் கேட்கும் முதற்சொல் எதுவோ அதுவே விடை. இதனைக் கி. பி. இரண்டாம் நூற்றாண்டினராகிய பௌசானியாஸ் எழுதியுள்ளார். ஒன்று மற்றொன்றினின்று வந்ததென்று கூற ஆதாரமில்லை. கவலையுற்ற மனம் எங்கும் ஒரு படித்தாகவே செவிசாய்க்கும் போலும்!

விவிலியத்திற்கு வருவோம். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் சாலொமோன் கட்டிய ஆலயத்தின் உட்பகுதி 'ஆரக்கிள்' எனப்படுகின்றது. அங்குள்ள எபிரேயச் சொல் 'தெபீர்'. அது பேசுதலைக் குறிக்கும் வேரினின்று பிறந்ததெனக் கருதிய ஜெரோம் முனிவர் தம் இலத்தீன் மொழிபெயர்ப்பில் 'ஓராக்குலும்' என்று அமைத்தார். ஆங்கிலத்தார் அவரைப் பின்பற்றினர். பின்புறத்தைக் குறிக்கும் வேரே அதற்குரியதென்பது இக்கால அறிஞர் பலர் கருத்து. ஆதலின் புதிய மொழிபெயர்ப்புகளில் 'உள்ளறை' என்னும் பொருட்சொற்கள் இடம்பெற்றன. தமிழில் 'சந்நிதி ஸ்தானம்' எனப் பெயர்த்தோர் இம்மயக்கத்திற்கு ஆளாகாமற் போயினர். மற்றோரிடத்து நேர்ந்த மாறுதல் இதற்கு நேர் எதிரானது. தீர்க்கதரிசிகளின் நூல்களில் வரும் 'மஸ்ஸா' என்னும் எபிரேயச் சொல் தூக்குதலைக் குறிக்கும் வேரினின்று பிறந்தது. தூக்கப்படும் சுமை என்றும் கொள்ளலாம். உயர்த்திக் கூறும் வாக்கு என்றும் கொள்ளலாம். எரேமியா இவ்விரு பொருளையும் வைத்தே தம் காலத்தாரை இடித்துரைத்து, அச்சொல்லையே இனி வழங்கலாகாது என்கின்றார். பழைய ஆங்கிலத்தாரும் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் 'பாரம்' என்றனர். புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அவ்விடத்து 'ஆரக்கிள்' வந்துள்ளது. ஆகவே பழைய ஏட்டில் ஆரக்கிள் இருந்த இடத்திற் புதியதில் இல்லை. பழையதில் இல்லாத இடத்திற் புதியதில் உண்டு. இரண்டையும் ஒப்புநோக்கும் மாணவன் திகைப்பதில் வியப்பென்னை?

கிரேக்கத்தோடும் இலத்தீனோடும் யாதொரு தொடர்புமில்லாத சீன நாட்டுப் பொருள் ஒன்றும் இப்பெயர் பெற்றுள்ளது. மருந்துக்கடைகளில் நாகத்தின் எலும்பென்று விற்கப்பட்ட துண்டுகளில் பழைய எழுத்துக்கள் இருத்தலை வாங் யீரோங் என்னும் அறிஞர் 1899-இல் கண்டறிந்தார். அவை அன்யாங் நகர்ப்புறத்தில் ஷாங் மரபினர் ஆண்ட காலத்தன. ஏறக்குறைய 3,200 ஆண்டுகட்கு முற்பட்டன. மாட்டின் தோளெலும்பிலும் ஆமையின் வயிற்றோட்டிலும் சிறு குழிகள் தோண்டிச் சூடிட்டு, அப்போது தோன்றும் வெடிப்புக்களைப் பார்த்து நன்மை தீமை துணிந்தனர். துணிந்ததைக் கேள்வியோடு அவ்வெலும்பிலேயே பொறித்தனர். சிலவற்றிற் பின்பு நிகழ்ந்ததனையும் பொறித்தனர். வூ டிங் என்னும் மன்னன் தன் தேவி பூ ஹாவின் மகப்பேற்றைப் பற்றிக் கேட்ட எலும்பொன்று உள்ளது. இன்ன நாளிற் பிறந்தால் நன்று என்று மன்னன் துணிந்தான். முப்பத்தொரு நாள் கழித்து வேறொரு நாளிற் குழந்தை பிறந்தது. பெண்ணாதலின் நன்றன்று என்று எழுதி வைத்தனர். ஒரு தாயின் பேறுகாலக் கவலையும், பெண்மகவைத் தாழ்வாக எண்ணிய ஒரு காலத்தின் மனமும் அவ்வோட்டில் இன்றும் படிக்கக் கிடக்கின்றன. இவற்றை ஐரோப்பியர் 'ஆரக்கிள் எலும்புகள்' என்றனர். அங்கே தெய்வத்தின் வாயாக ஒரு பெண் இல்லை, பேச்சும் இல்லை. கேள்விக்கு விடை கிடைத்தது என்னும் ஒப்புமை யொன்றே அப்பெயருக்குக் காரணம்.

பின்னும் இச்சொல் தேய்ந்தும் வளர்ந்தும் சென்றது. ஷேக்ஸ்பியரின் 'குளிர்காலக் கதை'யில் அப்போலோவின் வாக்கு நாடகத்தின் திருப்பமாகவே நிற்கின்றது. அவரே 'வெனிஸ் வணிக'னில், தான் வாய்திறந்தால் நாயும் குரைக்கலாகாது என்று எண்ணும் செருக்கனுக்கு ஆரக்கிள் என்னும் பட்டம் சூட்டி நகைக்கின்றார். பிறர் எதிர்வினவாது ஏற்கவேண்டும் என்று பேசுவோனைக் குறிக்கும் வழக்கு இன்றும் உண்டு. கணித அறிஞர் ட்யூரிங் 1939-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எந்திரத்தால் தீர்க்கவொண்ணாத கணக்கிற்குக் கேட்டவுடன் விடை தரும் ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு அதனை ஆரக்கிள் என்றார். அஃது எந்திரமன்று என்பதற்குமேல் அதன் இயல்பைப் பற்றி அவர் கூறவில்லை. 1977-இல் அமெரிக்க நாட்டில் வேறொரு பெயருடன் தொடங்கிய கணினி நிறுவனம் ஒன்று, தான் செய்த தரவுத்தள மென்பொருளுக்கு இப்பெயரிட்டு, பின் தானும் அதனையே பூண்டது. இடத்தினின்று வாய்க்கும், வாயினின்று வாக்குக்கும், வாக்கினின்று மனிதனுக்கும், மனிதனினின்று பொறிக்கும் இச்சொல் நடந்து வந்துள்ளது. இவையனைத்தினூடும் ஓடும் இழை ஒன்றே: விடை எவ்வாறு வந்தது என்பதனைக் கேட்டோன் காணமுடியாமை. அதனாலேயே, வந்த விடையை என்செய்வது என்னும் பொறுப்பு அவன் தலையில் விழுகின்றது.

இப்பொறுப்பை ஆற்றும் வகையை மூவர் வாயிலாகக் காணலாம். குரோசஸ் தான் விரும்பியதையே வாக்கினுள் கேட்டான், கெட்டான். கி. மு. 480-இல் பாரசீகர் படையெடுத்து வந்தபோது, மரச்சுவர் ஒன்றே காக்கும் என்று ஏதென்ஸ் நகரத்தார்க்கு வாக்குக் கிடைத்தது. அவர்கள் அதனை அவைநடுவே வைத்து ஆராய்ந்தனர். கோட்டையைச் சூழ்ந்த முள்வேலியே அஃதென்றனர் சிலர். கப்பல்களே மரச்சுவர் என்று தெமிஸ்டோக்கிளிஸ் காரணங் காட்டி வாதித்தார். நகரத்தார் அவர் சொல்லைக் கொண்டு கப்பலேறிச் சாலமிஸ் கடலில் வென்றனர். சொல்லைச் சொல்லளவிற் கொண்டு குன்றின்மேல் மரத்தடுப்பு அமைத்திருந்த சிலர் மாண்டனர். மூன்றாமவர் சாக்ரட்டீஸ். அவரினும் அறிவுடையார் ஒருவரும் இலர் என்று அவர் நண்பர்க்கு டெல்பி கூறிற்று. பிறராயின் அப்புகழை ஊரெங்கும் பறையறைந்திருப்பர். அவரோ, தாம் அறிவுடையரல்லர் என்பதனைத் தாமே அறிந்திருந்தமையால், அவ்வாக்கு எங்ஙனம் மெய்யாகும் என்று தேடப் புறப்பட்டார். அரசியலார், புலவர், கம்மியர் என அறிவுடையார் எனப்பட்டோரை யெல்லாம் அடுத்துக் கேட்டார். தம் அறியாமையைத் தாம் அறிந்திருத்தல் ஒன்றே தமக்குள்ள சிறப்பு என்று முடிவில் துணிந்தார். அத்தேடலால் வந்த பகையும் சேர்ந்தே கி. மு. 399-இல் அவர்க்கு நஞ்சுக் கிண்ணத்தை அளித்தது.

'உன்னை நீ அறி' என்னும் சொல் அந்த டெல்பிக் கோயிலின் முகப்பிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. உள்ளே சென்று கேட்குமுன் எவரும் அதனைக் கடந்தே செல்லவேண்டியிருந்தது. குரோசசின் தூதரும் டெல்பிக்கு வந்தவரே. சாக்ரட்டீசின் நண்பரும் வந்தவரே. இக்காலத்தில் நாம் எதனைக் கேட்பினும் இமைப்பொழுதில் விடை தரும் பொறிகள் நம் கையகத்தே வந்துவிட்டன. பாடநூலும் ஆசிரியரும் நண்பரும் கூட ஒருவகையில் நமக்கு ஆரக்கிள்களே. விடை பெறுதல் எளிது. அது யாருடைய பேரரசைப் பற்றியது என்று இரண்டாம் முறை கேட்டலே அரிது. அக்கேள்வியைக் கேட்கப் பழகுதற்கன்றோ நாம் கல்லூரிக்கு வந்தது?